நூற்றுப் பதினெட்டுச் செடிகளுக்குத் தண்ணீர்

முப்பத்திரண்டு வருடம் காவல்துறையில் இருந்தேன். அதில் பத்தொன்பது வருடம் ஸ்டேஷன் ரைட்டர். திருட்டு, அடிதடி, விபத்து என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறேன். ஆனால் கடலூரில் பழைய ஆட்கள் யாராவது என்னைப் பார்த்தால் அதில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. "கஞ்சாவுக்குத் தண்ணி ஊத்தின ஏட்டுதானே நீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆமாம், நான்தான். சொந்தத் தோட்டத்தில் இல்லை. அரசாங்க உத்தரவின் பேரில், பொது நாட்குறிப்பில் பதிவு போட்டு ஊற்றினேன்.

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வழக்குக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தேன். கோர்ட்டு வராந்தாவில் ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாக இடம் விட்டு உட்கார வைத்தார். பேச்சுவாக்கில், "இப்பல்லாம் ரைட்டருக்கு வேலையே கம்மி ஐயா. ஸ்பாட்டுக்குப் போனதும் வீடியோ எடுத்துடறோம். எழுதறதுக்கு இன்னா இருக்கு?" என்றார். நான் அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பாதியில் அவருடைய வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை அவருக்காகவும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

போலீஸில் சேருவதற்கு முன் இரண்டு வருடம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்தினேன். அங்கே ஆசிரியர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இதை யாரு சொன்னது?" என்பதுதான். பதில் இல்லாத வரியை அடித்துவிடுவார். பிறகு செலக்‌ஷன் வந்தது, பயிற்சி, அணிவகுப்பு, முட்டியில் காயம் எல்லாம் வந்து போயின. முதல் போஸ்டிங் கம்மாபுரம் பக்கம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒரே வருடத்தில் ரைட்டருக்கு உதவியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு தவறு செய்தேன். கேட்பாரற்றுக் கிடந்த சைக்கிள் ஒன்றைக் கைப்பற்றியபோது, தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்து 'கருப்பு நிறம்' என்று எழுதினேன். அது பச்சை. சொந்தக்காரர் பச்சை சைக்கிள் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார். இரண்டு தாள்களும் ஒரே பீரோவில் எட்டு மாதம் இருந்தன. அவர் எட்டு மாதமும் எங்கள் ஸ்டேஷன் வாசல் வழியாக நடந்தே வேலைக்குப் போனார். உள்ளே பார்த்திருந்தால் அவருடைய சைக்கிள் தெரிந்திருக்கும். நானும் பகலில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். இருவருமே பார்க்கவில்லை.

இனி மேடம். அவர் இன்னும் சர்வீசில் இருப்பதால் பெயர் வேண்டாம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி தொடங்குகிற பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் அவர் இன்ஸ்பெக்டராக வந்தபோது நான் அங்கே ரைட்டர். குள்ளமான உருவம், தாழ்ந்த குரல். மேஜை இழுப்பறையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு சிறிய பென்சில் இருந்தது. எங்களுக்கு அந்தப் பென்சிலிடம்தான் பயம்.

நான் எழுதியதை அவர் பக்கத்தில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே அவர் ஓர் எழுத்துப் போடுவார். பார்த்ததாக இருந்தால் 'பா'. கேட்டதாக இருந்தால் 'கே'. இரண்டும் இல்லையென்றால் வட்டம். வட்டம் போட்டது என் மனசிலிருந்து வந்தது என்று அர்த்தம். அதை எடுத்துவிட வேண்டும்.

முதல் வாரமே ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கில் 'சந்தேகப்படும்படியாக நின்றுகொண்டிருந்தான்' என்று எழுதியிருந்தேன்.

"நிக்கறது பா," என்றார் மேடம். "சந்தேகம் உங்களுது. அவன் எப்படி நின்னான்?"

"கடை மூடியிருக்கிற நேரத்துல ஷட்டரைப் பாத்து நின்னான் மேடம்."

"அதை எழுதுங்க. சந்தேகத்தை ஜட்ஜு பட்டுக்குவார்."

எனக்கு அந்த மாலைப் பத்திரிகை ஆசிரியர் புடவை கட்டி வந்ததுபோல் இருந்தது. மேடத்திடம் இதைச் சொன்னதில்லை.

ஒரு புரட்டாசி மாதம், வியாழக்கிழமை மதியம், வெளியிலிருந்து வந்த தனிப்படை ஒன்று உப்பங்கழிக்கு நடுவே ஒரு திட்டில் கஞ்சாத் தோட்டத்தைப் பிடித்துவிட்டதாக போன் வந்தது. மேடம், நான், கான்ஸ்டபிள் பாலமுருகன், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய நால்வரும் படகில் போனோம். பாலமுருகனுக்குச் சொந்த ஊர் திட்டக்குடி. நல்ல உழைப்பாளி. ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

திட்டு என்றால் ஒரு கல்யாண மண்டபம் அளவு மண்மேடு. சுற்றிலும் சேற்றில் வேர் ஊன்றிய சுரபுன்னை மரங்கள், நடுவில் கொஞ்சம் மணல். அந்த மணலில் வரிசை வரிசையாக, என் தலைக்கு மேல் உயர்ந்த செடிகள். இலை ஒவ்வொன்றும் விரித்த கை மாதிரி, ஓரத்தில் ரம்பப் பல். நூற்றுப் பதினெட்டு. நான் மூன்று தடவை எண்ணினேன். பக்கத்தில் உடைந்த ஃபைபர் படகு ஒன்றைப் பாதி புதைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, நல்ல தண்ணீர் சேமித்து வைத்திருந்தார்கள். உள்ளே பொட்டலம் இருக்கும் என்று தனிப்படையினர் அதைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் செல்போனில் வீடியோவும் எடுத்திருந்தார்கள். அப்போது மணி மதியம் ஒன்று.

செடிகளின் சொந்தக்காரர் சூசைராஜ், கவிழ்த்த அந்தப் படகின் மேல் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, நண்டு பிடிக்கிறவர், கடலோரத்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். எங்கள் ஸ்டேஷனில் அவர் மேல் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது.

"இது இன்னா செடி?" என்று கேட்டார் மேடம்.

"நார்ச்செடிங்க மேடம். புளிச்சை."

"புளிச்சக்கீரையா? அது இம்மாம் உசரம் வளருமா?" என்றார் தனிப்படைக்காரர் ஒருவர்.

"பறிக்காம உட்டா வளரும் சார். கீழ ஒரு எலை மாதிரி இருக்கும், மேல போவப் போவ பிரிஞ்சிடும். இது நாருக்குன்னே போடற வெதை. ஒரு எலையப் பிச்சு வாயில போட்டுப் பாருங்க, புளிக்கும்."

"கேஸ் ப்ராப்பர்ட்டியைத் தின்னச் சொல்றியா? நல்லா இருக்குதே! சாட்சியைக் கூட்டாளி ஆக்கப் பாக்கற."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். யாரும் இலையைக் கடிக்கவில்லை.

"நார் எதுக்கு?" மேடம் சிரிக்கவில்லை.

சூசைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "அதைச் சொல்லக் கூடாதுங்க."

"ஊர்ல போடாம இங்க எதுக்குப் போட்ட?"

"ஊர்ல ஆடு மேஞ்சிடுதுங்க."

இரண்டாவது பதிலை எழுதிக்கொண்டேன். முதல் பதில்தான் அவரைக் கெடுத்தது. மறைவான இடம், சேமித்த தண்ணீர், எதற்கு என்று சொல்ல மாட்டேன் என்கிற ஆள். போதைப்பொருள் சட்டத்தில் ஒரு தடவை ரிமாண்ட் ஆனால் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆய்வக அறிக்கை வருகிற வரை, அது எத்தனை மாதமானாலும், அவர் கடலூர் மத்திய சிறையில் இருக்க வேண்டியதுதான். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே நின்ற போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் கஞ்சாக் கேஸ் பிடித்தவர்கள்தான். பொட்டலமாக, மூட்டையாக, சிகரெட்டுக்குள் வைத்து என்று எல்லா ரூபத்திலும் பார்த்திருக்கிறோம். செடியாக நாங்கள் யாரும் பார்த்ததில்லை. போஸ்டரில் இலைப் படம் பார்த்திருக்கிறோம். அவ்வளவுதான். பாலமுருகன் செல்போனில் படம் எடுத்து ஏதோ ஆப்பில் போட்டார். முதல் தடவை கஞ்சா என்றது. கோணத்தை மாற்றி எடுத்தால் மரவள்ளி என்றது.

அதே படகின் மேல் உட்கார்ந்து, இடத்தில் கண்டதைப் பதிகிற பார்வை மஹஜர் எழுதினேன். படித்துக் காட்டினேன். இடம், பா. வரிசை, பா. எண்ணிக்கை, பா. 'கஞ்சாச் செடிகள்' என்ற இடத்தில் பென்சில் நின்றது. அதற்கு மேல் 'கே' போட்டார்.

"வாசனை வந்துச்சா?"

"உப்புக் காத்துல தெரியல மேடம்."

"தெரியலன்னு எழுதுங்க."

தனிப்படைக்காரர்களுக்கு எரிச்சல். செடிகளைப் பிடுங்கி, மூட்டை கட்டி, ஆளையும் கூட்டிப் போய் மாலைக்குள் காரியத்தை முடிக்க நினைத்தார்கள். மேடம் அதே தாழ்ந்த குரலில், "பிடுங்கிட்டா அப்புறம் அது செடி இல்ல, குப்பை. வேளாண்மை அதிகாரி நின்ன எடத்துல பாத்துச் சொல்லட்டும். இது என் எல்லை," என்றார். போனில் மேலே பேசினார். அரை மணி நேரம் பேசினார். வேளாண்மை அதிகாரி பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். புதன்கிழமை மதியம் வரை மேலே அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் அதிகாரி 'இல்லை' என்று சொல்லாவிட்டால் சூசைராஜ் ரிமாண்ட். அதுவரை அவர் வீட்டில் இருக்கலாம், காலையும் மாலையும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், திட்டுப் பக்கம் போகவே கூடாது.

மறுநாள் காலைப் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்தித் தலைப்பு: உப்பங்கழித் திட்டில் கஞ்சாத் தோட்டம். யார் சொன்னது என்று செய்தியில் எங்கேயும் இல்லை. எங்கள் ஆசிரியராக இருந்தால் முழுச் செய்தியையும் அடித்திருப்பார்.

அதே காலையில் சூசைராஜின் மகள் ரீட்டா ஸ்டேஷனுக்கு வந்தாள். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி உடுப்போடே வந்து என் மேஜைமுன் நின்றாள்.

"சார், செடிக்கு யாரு தண்ணி ஊத்தறது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்பா ஒருநாள் உட்டு ஒருநாள் ஊத்துவாரு. இருந்த தண்ணியையும் நீங்க கொட்டிட்டீங்க. இந்த வெயில்ல புதன்கிழமைக்குள்ள காஞ்சி சருகாயிடும். சருகப் பாத்து உங்க ஆபீசர் இன்னா சொல்லுவாரு? கஞ்சாவும் காஞ்சா சருகு, புளிச்சையும் காஞ்சா சருகு."

உள்ளே மேடம் கடலை உரிப்பதை நிறுத்தியது கேட்டது.

"நான் போய் ஊத்தறேன் சார். எங்கப்பா செடி."

"அது முடியாதும்மா. நீ கை வெச்சா சாட்சியத்தைக் கலைச்சதாயிடும்."

"அப்ப நீங்க ஊத்துங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. அரசுத் தரப்புக்கும் செடி உயிரோடு இருக்க வேண்டும், எதிர்த் தரப்புக்கும் உயிரோடு இருக்க வேண்டும். என் சர்வீசில் இரண்டு தரப்பும் ஒன்றையே விரும்பிய ஒரே வழக்கு அது. மேடம் வெளியே வந்து, "ரைட்டர், பாலமுருகன், தினமும் ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றார். பாலமுருகன் முகத்தைப் பார்த்தால் அவரைத்தான் ரிமாண்ட் பண்ணியது போலிருந்தது.

திட்டைச் சுற்றி இருப்பதெல்லாம் உப்புத் தண்ணீர். கரையில் அடிபம்பில் இருபது லிட்டர் கேன்கள் பன்னிரண்டு நிரப்பிப் படகில் ஏற்ற வேண்டும். படகுக்காரர் லூர்து, சூசைராஜுக்கு மச்சான். அக்கம்பக்கத்தில் வேறு படகு கிடைக்கவில்லை. இருந்த ஒன்றிரண்டு பேரும் கஞ்சாக் கேஸ் என்றதும் வர மறுத்துவிட்டார்கள். அவர் துடுப்புப் போடலாம், திட்டில் காலை வைக்கக் கூடாது என்று மேடம் நிபந்தனை போட்டிருந்தார். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாய்க்காலில் நீர் ஏறியிருக்கும்போதுதான் படகு போகும். வற்றிவிட்டால் இடுப்பளவு சேறு. நீர் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் போனோம். சனிக்கிழமை மூன்றாகப் போகும்போது. ஞாயிறு மூன்றரை. இன்னோர் ஏற்றம் விடியலுக்கு முந்தைய இருட்டில் வரும். அதற்குப் போக எங்களுக்குத் தேவை இல்லை. இந்த நேரக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நான் கேனை அப்படியே சாய்த்து ஊற்றினேன். படகிலிருந்து லூர்து கத்தினார். "யோவ் ஏட்டு! மாட்டைக் குளிப்பாட்டற மாதிரி ஊத்தறியே! எலை மேல ஊத்தாத, தூருல ஊத்து!"

"ஏட்டையாவை வா போன்னு பேசறான் பாருங்க," என்றார் பாலமுருகன்.

"மச்சான் செடிய்யா அது. தண்ணி ஊத்தி முடிங்க, அப்பறம் மரியாதை தரேன்."

மறுநாள் ரீட்டா ஒரு பித்தளைச் சொம்பு கொடுத்தனுப்பினாள். ஒரு செடிக்கு இரண்டு சொம்பு, மண் உறிஞ்சின பிறகுதான் இரண்டாவது. சரியாக ஊற்றினால் பன்னிரண்டு கேனும் கடைசிச் செடியில் முடியும். மூன்றாவது நாள் எங்களுக்குக் கணக்குப் பிடிபட்டது. பாலமுருகன் விவசாயி வீட்டுப் பிள்ளை. தண்ணீரில்தான் பயமே தவிர, மண்ணில் இறங்கிவிட்டால் ஆளே வேறு. காலாலேயே ஒவ்வொரு செடிக்கும் பாத்தி கட்டிவிட்டார். "ஊருக்குப் போயி அப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணி மோந்து தந்ததில்ல ஏட்டையா, இங்க வந்து கஞ்சாவுக்கு ஊத்தறேன்," என்று சொல்லிச் சிரித்தார். தண்டில் பொடி முள் இருப்பதாகக் கையைக் காட்டினார். அதையும் எழுதிக்கொண்டேன்.

பொது நாட்குறிப்பில் அன்றாடம் ஒரு பதிவு: 'பிற்பகல் 3.40க்கு 118 செடிகளுக்கும் தலா இரண்டு சொம்பு நீர் ஊற்றப்பட்டது. செடிகள் நலம்.' மேடம் 'நலம்' என்பதற்கு வட்டம் போட்டார். அதற்குப் பிறகு 'இலைகள் நிமிர்ந்துள்ளன' என்று எழுதினேன். அதற்கு 'பா' கிடைத்தது.

சூசைராஜ் காலையும் மாலையும் கையெழுத்துப் போட வருவார். வந்ததும் என் மேஜை பக்கம் வந்து, "எப்படிங்க இருக்குது?" என்பார். செடியைத்தான். தன்னைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் திங்கட்கிழமை, "நிமிர்ந்து நிக்குது," என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க சூசை. மேடம் கேட்பாங்க," என்றேன்.

"பொருத்தனைங்க. நிறைவேத்தறதுக்கு முன்னால வெளிய சொன்னா அது பொருத்தனை இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னார். புனிதருக்கு ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார் என்று புரிந்தது. அதற்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. நான் எழுதினேன், மேடம் 'கே' போட்டார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் செடிகளின் உச்சியில், தண்டோடு ஒட்டி, சுருட்டிய துணி மாதிரி ஏதோ இருந்தது. விரல் நீளம், வாடிய ஊதா நிறம். நாலைந்து மண்ணிலும் விழுந்து கிடந்தன. 'நுனியில் சுருண்ட இலைகள் காணப்படுகின்றன' என்று எழுதினேன். பார்த்துத்தான் எழுதினேன், 'பா'வும் கிடைத்தது. இருந்தாலும் அது தவறு. சைக்கிளின் நிறம் போலத்தான். கண் சரியாகப் பார்த்தது, நேரம் சரியில்லை.

செவ்வாய் ராத்திரி பஸ்ஸில் அதிகாரி கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். புதன்கிழமை மதியத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாலை ஏற்றத்துக்குக் காத்திருந்தால் சூசைராஜ் ஜெயிலில் இருப்பார். எனவே காலை ஏற்றத்துக்கே படகு. அது அதற்குள் நகர்ந்து நகர்ந்து, விடிகிற நேரமான ஐந்தரைக்கு வந்திருந்தது. மேடம், அதிகாரி, கிராம நிர்வாக அலுவலர், பாலமுருகன், நான், பன்னிரண்டு கேன் தண்ணீர். கேன் எதற்கு என்று மேடம் கேட்டார். "இன்னைக்கும் ஊத்தணுமில்ல மேடம்," என்றார் பாலமுருகன். முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு படகில் உட்கார்ந்திருந்தார்.

கரையில் ரீட்டா நின்றாள். சூசைராஜ் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். லூர்துகூடப் பேசவில்லை.

வாய்க்கால் திரும்பியதும் சூரியன் கடலிலிருந்து மேலே வந்தது. சுரபுன்னைக்கு நடுவே திட்டு தெரிந்தது. நான் முதலில் பார்த்தது நிறத்தைத்தான். திட்டு முழுக்க வெளிர் மஞ்சள். யாரோ நூற்றுக்கணக்கில் மஞ்சள் காகிதம் ஒட்டிவிட்டுப் போனதுபோல.

படகு தட்டுவதற்கு முன்பே பாலமுருகன் தண்ணீரில் குதித்துவிட்டார். இடுப்பளவுத் தண்ணீர். அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"ஏட்டையா! பருத்திப்பூ! வெண்டப்பூ! எங்க ஊர்ல எல்லாக் கொல்லையிலயும் இருக்கும்! இது கஞ்சா இல்ல ஏட்டையா, பூ பாருங்க, பூ!"

ஒவ்வொரு செடியின் உச்சியிலும், உள்ளங்கை அகலத்துக்கு, ஐந்து இதழ் விரித்த பூ. நடுவில் மட்டும் கருஞ்சிவப்பு. நான் இரண்டு நாளாகச் 'சுருண்ட இலை' என்று எழுதியது, காலையில் மலர்ந்து மதியத்துக்குள் சுருண்டுவிடுகிற பூ. நாங்கள் எப்போதும் மதியத்துக்குப் பிறகே போனோம். கடல் எங்களை அந்த நேரத்துக்குத்தான் உள்ளே விட்டது. தனிப்படையின் வீடியோவும் மதியம் ஒரு மணிக்கு எடுத்தது.

வேளாண்மை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். "இதுக்கா என்னை ராத்திரி பஸ்ஸுல வரச் சொன்னீங்க? புளிச்சை மேடம். நார்ப்பயிர். பூக்கிற நேரத்துல அறுத்தாத்தான் நார் நல்லா வரும். யாரு போட்டாங்களோ, நல்லா வளத்திருக்காங்க. தண்ணி ரொம்ப அளவா ஊத்தியிருக்காங்க."

நானும் பாலமுருகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதக்கம் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

மேடம் செடி பக்கம் போனார். ஓர் இலையைக் கிள்ளினார். வாயில் போட்டு, கடலை மெல்வது போல் நிதானமாக மென்றார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளிக்குது," என்றார்.

பிறகு மஹஜரை வாங்கினார். 'கஞ்சா' என்ற சொல்லையும் அதற்கு மேலே போட்டிருந்த 'கே'யையும் பென்சிலால் அடித்தார். பக்கத்தில் 'புளிச்சை' என்று எழுதி, அதற்கு மேல் புதிதாக ஓர் எழுத்துப் போட்டார். 'சு'. சுவைத்தது. அதுவரை நாங்கள் பார்த்திராத மூன்றாவது எழுத்து. அதற்குப் பிறகும் அவர் அதைப் போட்டு நான் பார்க்கவில்லை.

படகு கரைக்குத் திரும்பியபோது லூர்து தூரத்திலிருந்தே, "பூத்துக்குச்சு மச்சான்! பூத்துக்குச்சு!" என்று கத்தினார். சூசைராஜ் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அவர் அழவில்லை. மேடத்திடம் வந்து முதலில் கேட்டது, "இன்னைக்கு அறுத்துக்கலாமுங்களா? பூ முத்திடும்," என்பதுதான். ரீட்டாதான் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே பாலமுருகனைப் பார்த்து, "இன்னைக்குத் தண்ணி ஊத்தினீங்களா இல்லையா?" என்று கேட்டாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பன்னிரண்டு கேனும் நிரம்பியபடியே படகில் இருந்தன.

பத்திரிகையில் மறுப்பு வந்தது. ஒரு பத்தி, ஐந்து வரி, வானிலைக்குக் கீழே. ரீட்டா அதைக் கத்தரித்து லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள்.

ஜனவரியில் சூசைராஜ் ஸ்டேஷனுக்கு வந்தார். கையெழுத்துப் போட இல்லை, அழைக்க. ஊரில் செபஸ்தியார் திருவிழா. அப்போதுதான் பொருத்தனையைச் சொன்னார். முந்திய வருடம் ரீட்டா மருத்துவமனையில் வேலை பார்த்த இடத்திலேயே காய்ச்சல் தொற்றி ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாளாம். பிழைத்தால், புனிதரின் தேர்வடத்தில் ஒரு புரி தானே விதைத்து, தானே வளர்த்து, தானே திரித்த நாராக இருக்கும் என்று வேண்டிக்கொண்டாராம்.

"தானே வளத்துன்னுதானுங்க வேண்டிக்கிட்டேன்," என்று தலையைச் சொறிந்தார். "கடைசியில ஆறு நாள் நீங்க வளத்துட்டீங்க. பங்குச் சாமியாருகிட்ட கேட்டேன். வடம் புடிக்க உங்களையும் கூட்டிட்டு வந்தா சரியாப் போயிடும்னாரு."

"அஞ்சு நாள்," என்று உள்ளேயிருந்து மேடம் குரல் வந்தது. "ஆறாவது நாள் ஊத்தல."

திருவிழாவன்று போனோம். மேடம் சாதாரணக் கைத்தறிப் புடவையில் வந்தார். பாலமுருகன் மனைவி, குழந்தையோடு வந்தார். பேண்டு வாத்தியம், வாழை மரம், சின்ன மரத்தேர். தேருக்கு முன்னால் வடம் கிடந்தது. மூன்று புரி. இரண்டு தேங்காய் நார், பழுப்பு. மூன்றாவது புரி வெளுப்பு, தூரத்திலிருந்தே தெரிந்தது.

"மாமா, இந்தப் பக்கம் வாங்க," என்றாள் ரீட்டா. அன்றுவரை அவளுக்கு நான் சார். மேடத்தைக் கூட்டிவந்து எனக்கு முன்னால் நிறுத்தினாள். மேடம் குனிந்து அந்த வெள்ளைப் புரியை விரலால் தடவிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "பா," என்றார். வடத்தைத் தூக்கினார்.

பின்னாலிருந்து லூர்து கத்தினார். "இழுங்க ஏட்டையா! சொம்பு புடிச்ச கையா அது? அசைய மாட்டேங்குதே!" மரியாதை தருவதாகச் சொல்லியிருந்தார், தந்துவிட்டார். நாங்கள் இழுத்தோம். தேர் ஒரு முனகலோடு கிளம்பியது.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். உள்ளங்கை ரேகைகளில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி நார் ஒட்டியிருந்தது, தண்ணீரில் போகவில்லை. என் மனைவி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா இது, எங்க போய் எதைத் தொட்டீங்க?" என்றாள்.

"கேஸ் ப்ராப்பர்ட்டி," என்றேன்.